ஆடு, மாடு, கோழி, நாய்: கிருமிகளைக் கண்டறிந்து தடுப்பூசி தந்த லூயி பாஸ்டர்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் வந்து தங்கி, உங்களோடு வேலை பார்த்துக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கால்நடை நோய்கள், கிருமிகள் பரவும் விதம் பற்றி இந்த மாணவர்களுக்குச் சொல்லித் தரும்போது நோய்களின் பட்டியலில் தொடங்கினால் மனதில் நிற்பதில்லை. அதனால் லூயி பாஸ்டரின் வாழ்க்கையில் இருந்துதான் நான் தொடங்குவேன். மாட்டுக்குப் போடும் தடுப்பூசி, நாய்க்கடிக்குப் போடும் ஊசி, பட்டுப்புழு முட்டைப் பரிசோதனை, பாக்கெட் பாலின் பக்குவம் என்று நாம் தினமும் கையாளும் பலவற்றிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. மாணவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோல் பதனிடுபவரின் மகன்

லூயி பாஸ்டர் 1822 டிசம்பர் 27-ஆம் தேதி பிரான்சு நாட்டில் ஜூரா பகுதியிலுள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். ஆர்புவா என்ற சிற்றூரில் தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவில்தான் பாஸ்டர் வளர்ந்தார். படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கவில்லை. படம் வரைவதில்தான் ஆர்வம் அதிகம்.

அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, 1831-இல், வெறிபிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதியில் பலரைக் கடித்தது. அப்போது அதற்கு இருந்த ஒரே வைத்தியம், கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான். சூடு வாங்கியவர்களிலும் சிலர் இறந்துபோனார்கள். 54 ஆண்டுகள் கழித்து இதே நோய்க்கு அவரே வழி கண்டார்.

ஆலைக்குப் போன ஆசிரியர்

பாஸ்டர் மருத்துவர் அல்ல, கால்நடை மருத்துவரும் அல்ல. பாரிசில் வேதியியல் படித்தவர். 1854-இல் லில் நகரில் அறிவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். கரும்பலகைப் பாடத்தோடு நிறுத்தாமல் மாணவர்களை ஆய்வகத்தில் தாங்களே சோதனை செய்ய வைத்தார். பக்கத்து ஊர்களின் ஆலைகளுக்கும், எல்லை தாண்டி பெல்ஜியத்துக்கும் அழைத்துப் போனார்.

1856-இல் அவருடைய மாணவர் ஒருவரின் தந்தை உதவி கேட்டு வந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலை வைத்திருந்தவர் அவர். சில தொட்டிகளில் சாறு புளித்துக் கெட்டுப்போய் நட்டம் வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் நல்ல தொட்டியின் சாற்றையும் கெட்ட தொட்டியின் சாற்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்ட் இருந்தது. கெட்டதில் நீளமான வேறு சிறு உயிர்கள் இருந்தன. நொதித்தலை உயிருள்ள கிருமிகளே செய்கின்றன, வேண்டாத கிருமி நுழைந்தால் பொருள் கெடுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அப்போது பல அறிஞர்கள், அழுகும் பொருளிலிருந்து கிருமிகள் தானாகவே உண்டாகின்றன என்று நம்பினார்கள். பாஸ்டர் அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த குழாய் உள்ள கண்ணாடிக் குடுவையில் சத்துள்ள திரவத்தைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகும், ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிடும். திரவம் மாதக்கணக்கில் கெடவில்லை. குடுவையைச் சாய்த்துத் தூசியில் படும்படி செய்ததும் கெட்டுப்போனது. கிருமி வெளியிலிருந்துதான் வருகிறது என்பது இதனால் உறுதியானது.

திராட்சை மதுவை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் அது கெடுவதில்லை என்பதையும் 1860-களில் அவர் காட்டினார். பின்னால் வந்தவர்கள் இந்த முறையைப் பாலுக்குக் கொண்டுவந்தார்கள். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிரவைக்கும் முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமை நம் தொழுவத்தில் கறக்கும் பாலை நம்பி நிற்கிறது. சூடு பாலிலுள்ள கிருமியைக் கொல்லும். ஆனால் காய்ச்சிய பிறகு கழுவாத பாத்திரத்தில் ஊற்றினால் குடுவைக்குள் தூசி விழுந்த கதைதான். கறக்கும் முன் மடியையும் கையையும் கழுவித் துடையுங்கள். முதல் பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் கறந்து, திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மடிநோய் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பட்டுப்புழு கற்றுத் தந்த பாடம்

1865-இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டு விவசாயிகள் நொடித்துப் போயிருந்தார்கள். பெப்ரின் என்ற நோய் புழுக்களை அழித்துக்கொண்டிருந்தது. அரசு பாஸ்டரை அனுப்பியது. அவர் அதுவரை பட்டுப்புழுவையே பார்த்ததில்லை. ஃபாபர் என்ற பூச்சியியல் அறிஞரிடம் போய்ப் பட்டுக்கூட்டை வாங்கி, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு விவசாயிகளிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டுகள் அவருக்குச் சோதனையான காலம். 1865-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு இரண்டு வயது மகள் காமில் இறந்தாள். 1866-இல் இன்னொரு மகள் செசில் டைபாய்டில் இறந்தாள். மூத்த மகள் ழானும் 1859-இல் டைபாய்டுக்குப் பலியானவள்தான். ஐந்து பிள்ளைகளில் மூவரைப் பறிகொடுத்தார். 1868-இல், 45 வயதில், பக்கவாதம் வந்து இடது கையும் காலும் முடங்கின. அதன்பிறகு வாழ்ந்த 27 ஆண்டுகளிலும் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. கால்நடை நோய்களில் அவர் செய்த வேலை எல்லாம் இந்த நிலையில் செய்ததுதான்.

பட்டுப்புழுவுக்கு அவர் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விடுங்கள். பிறகு அந்தப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். பெப்ரின் கிருமி இருந்தால் முட்டைகளை எரித்துவிடுங்கள். இன்றும் நோயற்ற பட்டு முட்டைத் தொகுதி தயாரிக்க இந்தத் தாய்ப்பூச்சிப் பரிசோதனைதான் நடக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் எதற்கும் இந்தப் பாடம் பொருந்தும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காமல் மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப் பார்ப்பதும் இதே வழிதான்.

சாபம் பிடித்த நிலங்கள்

பிரான்சில் சில மேய்ச்சல் நிலங்களை விவசாயிகள் சாபம் பிடித்த நிலம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே மேய்ந்த ஆடுகள் திடீரென்று செத்து விழுந்தன. அந்த நோய்தான் அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஜெர்மனியில் சிற்றூர் மருத்துவராக இருந்த ராபர்ட் கோக், 1876-இல் இந்தக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்டறிந்தார். வெளிக்காற்றுப் பட்டால் இந்தக் கிருமி கெட்டியான வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்று காட்டினார். 1877 முதல் பாஸ்டரும் இதில் இறங்கினார். ஒருமுறை வயல் ஒன்றில் ஓரிடத்தில் மட்டும் மண் நிறம் மாறியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். முந்தைய ஆண்டு அடைப்பானில் செத்த ஆடுகளைப் புதைத்த இடம் என்றார் உரிமையாளர். அங்கே மண்புழுக்கள் எச்சமாகத் தள்ளிய மண்ணைப் பாஸ்டர் எடுத்துச் சோதித்தார். புதைத்த பிணத்திலிருந்த வித்துகள் மேலே வந்திருந்தன.

மண்புழு நமக்கு நண்பன், அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மழைவெள்ளம், உழவு, நாயும் நரியும் தோண்டுவது எல்லாமே வித்துகளை மேலே கொண்டுவரும். மேய்ச்சல் நிலத்தில் ஆழமில்லாமல் பிணத்தைப் புதைத்ததுதான் தவறு.

எனவே நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடோ ஆடோ திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடிந்தால் அடைப்பான் என்று சந்தேகப்படுங்கள். தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கிழிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். அறுத்தால் கிருமிக்குக் காற்றுப்பட்டு வித்தாகும், அறுத்தவருக்கும் நோய் ஒட்டும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் மேற்பார்வையில் எரிக்க வேண்டும், அல்லது கிணறு, ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் விலகி ஆறடிக்குக் குறையாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மேய்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே நம் கால்நடையும் காட்டு விலங்கும் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன.

பழைய கிருமியால் வந்த பாதுகாப்பு

1879-இல் பாஸ்டர் கோழிக் காலராவை ஆராய்ந்தார். துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தூசான் என்பவர் கொடுத்த கிருமியைக் கோழிச்சாற்றில் வளர்த்தார். புதிதாக வளர்ந்த கிருமியை ஊசி போட்டால் கோழிகள் செத்தன. நீண்ட நாள் வைத்திருந்த பழைய கிருமியைப் போட்டபோது லேசாக வாடிப் பிழைத்துக்கொண்டன. பிழைத்த கோழிகளுக்குப் பிறகு புதிய கிருமியைப் போட்டும் அவை சாகவில்லை. வீரியம் குறைந்த கிருமி உடலுக்குப் போர்ப்பயிற்சி தருகிறது என்பதை 1880-இல் அறிவித்தார்.

அதற்கு முன் 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர், மாட்டம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்திருந்தார். ஆனால் அது இயற்கை தந்த பொருள். நோய்க்கிருமியையே ஆய்வகத்தில் பலவீனமாக்கித் தடுப்பூசி செய்ய முடியும் என்று வழிகாட்டியது பாஸ்டரின் கோழிகள்தான். அந்தக் கிருமிக்குப் பாஸ்டுரெல்லா என்று அவர் பெயரையே வைத்தார்கள். நம் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் காரணம் இதே இனத்தின் இன்னொரு வகை. ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அந்த ஊசியைப் போடச் சொல்வதன் காரணம், ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது என்பதுதான். உடல் தயாராக இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

ஊரே கூடிப் பார்த்த சோதனை

அடைப்பானுக்கும் தடுப்பூசி செய்ய முடியும் என்றார் பாஸ்டர். பலர் நம்பவில்லை. ரோசிஞோல் என்ற கால்நடை மருத்துவர், தன் பண்ணையிலேயே எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டும்படி சவால் விட்டார். இடம் பாரிசுக்குத் தெற்கே புய்யி-ல-ஃபோர்.

1881 மே 5-ஆம் தேதி 24 செம்மறிகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மே 17-இல் இரண்டாவது ஊசி. இன்னொரு பக்கம் 24 செம்மறிகள், ஒரு வெள்ளாடு, 4 மாடுகள் ஊசி போடாமல் விடப்பட்டன. மே 31-இல் எல்லாவற்றுக்கும் வீரியமான அடைப்பான் கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் தேதி விவசாயிகள், மருத்துவர்கள், பத்திரிகைக்காரர்கள் எனக் கூட்டம் திரண்டது. ஊசி போடாத செம்மறிகளில் 21-ம் அந்த வெள்ளாடும் செத்துக் கிடந்தன. இரண்டு செம்மறிகள் கூட்டத்தின் கண்முன்னே விழுந்தன. கடைசி ஆடு அன்று மாலைக்குள் செத்தது. ஊசி போடாத மாடுகள் சாகவில்லை, ஆனால் வீக்கமும் காய்ச்சலும் கண்டன. ஊசி போட்டவை எல்லாம் நின்று மேய்ந்தன. சில நாள் கழித்து அவற்றில் ஒரு சினை ஆடு மட்டும் இறந்தது.

இதில் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. பாஸ்டரின் குறிப்பேடுகள் பின்னாளில் வெளியானபோது, அன்று பயன்படுத்திய ஊசி அவர் வெளியே சொல்லிவந்த முறையில் செய்ததல்ல என்று தெரிந்தது. உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனம் சேர்த்துச் செய்த ஊசி அது. முந்தைய ஆண்டே தூசான் கண்ட முறைக்கு நெருக்கமானது. தூசானுக்குச் சேர வேண்டிய பெருமை அவர் வாழ்ந்தபோது முழுதாகச் சேரவில்லை. மாணவர்களிடம் இதையும் சொல்கிறேன். பெரிய மனிதர்களையும் கணக்குப் பார்த்துத்தான் மதிக்க வேண்டும். ஆனால் ஊசி வேலை செய்தது என்பதில் சந்தேகம் இல்லை.

சோதனை செய்த விதமும் கவனிக்கத் தக்கது. பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்லை, முடிவை எல்லாரும் பார்க்கலாம். யாராவது புது மருந்தோ உரமோ கொண்டுவந்து விற்றால், ஒரு பகுதியில் போட்டு, ஒரு பகுதியைப் போடாமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆடு மேய்த்த சிறுவனும் வெறிநாயும்

1880-களில் பாஸ்டர் வெறிநோயை எடுத்துக்கொண்டார். அந்தக் கிருமி அவருடைய நுண்ணோக்கிக்குத் தெரியாத அளவு சிறிய வைரஸ். கண்ணால் காணாமலே, முயலின் நரம்பு மண்டலத்தில் அதை வளர்த்தார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலரவைத்தால் நாளுக்கு நாள் வீரியம் குறைவதைக் கண்டார்.

1885 ஜூலை 6-இல் அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தார். இரண்டு நாள் முன்பு வெறிநாய் உடம்பெங்கும் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் இல்லை என்பதால் கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

அடுத்து வந்தவன் ஜூபிய், 15 வயது, ஆடு மேய்க்கும் பையன், பாஸ்டரின் சொந்த ஜூராப் பகுதிக்காரன். தன்னோடு இருந்த சின்னப் பையன்களை வெறிநாயிடமிருந்து காப்பாற்ற அதோடு கட்டிப்புரண்டு கடிபட்டவன். அவனும் பிழைத்தான். ஆனால் பெல்டியே என்ற பத்து வயதுச் சிறுமியைக் கடிபட்டு 37 நாள் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். பாஸ்டரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரே ஊசிதான், நாள் கடந்ததால் உயிர் போனது.

1888 நவம்பர் 14-இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவருடைய சீடர் ரூ அங்கே நுண்ணுயிரியல் வகுப்பைத் தொடங்கினார். பல நாட்டு மருத்துவர்கள் வந்து படித்துப் போனார்கள். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-இல் காலமானார். அந்த நாள்தான் இன்று உலக வெறிநோய் தினம்.

நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நீலகிரி குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் அமைந்தன. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது கசௌலியில் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய ஊசி. அது நின்று இருபது ஆண்டாகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அதனால் ஊசிக்குப் பயந்து நாட்டு வைத்தியத்துக்குப் போகாதீர்கள். நாய் கடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களும் போட வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஆழமான காயத்துக்குக் கூடவே எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும்.

மாடு, ஆட்டுக்கும் நாய்க்கடியால் வெறிநோய் வரும். எச்சில் ஒழுகி, ஓயாமல் கத்தி, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் இருந்தால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். அப்படிக் கைவிடுவது பெரிய ஆபத்து. மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ராஜபாளையம் என்றால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமுள்ள நாய்தான் நாட்டுக்கே நினைவு வரும். 2005-இல் அதற்கு அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். அந்த நாயும் தோட்டத்துக் காவல் நாயும் ஒன்றுதான் வெறிநோய்க்கு. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொன்னபடி ஒரு மறு ஊசி, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. தேதியை அட்டையில் எழுதி வாங்கி வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி முகாம் கிராமத்துக்கு வரும்போது, பால் ஒரு நாள் குறையும் என்று மாட்டை ஒளித்து வைக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பால் ஓரிரு நாள் லேசாகக் குறையலாம், மறுபடி வந்துவிடும். கோமாரி வந்த மாட்டின் கறவை அந்த ஈற்று முழுக்கத் திரும்பாமலே போகலாம். ஊசி போடாத ஒரு மாடு பக்கத்துத் தொழுவத்துக்கும் நோயைக் கொடுக்கும். முகாம் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். உங்கள் ஊரில் தங்கியிருக்கும் மாணவர்களையும் முகாமுக்குக் கூட்டிப்போங்கள். மாட்டைப் பிடிக்க ஒரு கை கூடுதலாகும், அவர்களுக்கும் புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே தெரியும்.